பாட்டுக்கு அடியில்

மாங்காட்டிலிருந்து நாத்தனார் அனுப்பிய வீடியோவில் நின்றவள் நான்தான். நம்ப முடியாமல் இரண்டாம் முறை பார்த்தேன். திருமுல்லைவாயிலில் எங்கள் சமையலறை, என் இரும்புச் சட்டி, நெத்திலி வறுவல். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன், ஊரே பார்க்கிறது. மேலே எவனோ ஒருத்தன் தன் சமையல் பக்கத்தின் பெயரைப் பட்டையாக ஒட்டியிருந்தான். கையில் கரண்டி இருந்திருந்தால் போனையே அடித்திருப்பேன்.

அப்போதுதான் அந்தக் குரல்.

"இன்னாமே, எண்ணெ தெறிக்குது பாரு. தள்ளி நில்லு."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் குரல். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமையானால் போனைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே சுற்றுவார். எடுத்ததையெல்லாம் ஸ்டேட்டஸில் போடுவார், மறுநாள் அது போய்விடும். யாரோ அதிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அவர் போன், வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்தபோது நனைந்து செத்துப்போனது. எடுத்தவர் என்பதால் படத்திலும் அவர் முகம் இல்லை.

அந்த ஒரு பேச்சுக்குப் பிறகு சினிமாப் பாட்டு ஒன்று ஆரம்பித்தது. பாட்டு ஓடும்போது நான் திரும்பி அவரைப் பார்த்துச் சிரிக்கிறேன். சும்மா சிரிப்பில்லை, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. அவர் என்னவோ சொல்லியிருக்கிறார். யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவேயில்லை. எனக்கு அது வேண்டும். அவர் என்ன சொன்னார் என்று கேட்டாக வேண்டும்.

மகள் ஐடியில் வேலை பார்க்கிறாள். முதல் காரியமாக வீடியோவைத் தன் போனில் இறக்கி வைத்துக்கொண்டாள். "எடுத்தவங்களுக்குத்தாம்மா காப்புரிமை. அப்பா எடுத்தாரு. அவருக்கப்புறம் நமக்குத்தான்" என்றாள். வீடு வாங்கவில்லை, நகை சேர்க்கவில்லை, மனுஷர் நெத்திலி வறுவலை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று சிரித்தேன். சிரிப்பு அழுகையில்தான் முடிந்தது.

பாட்டுப் போடாத முழு வீடியோ அந்தச் சமையல் பக்கத்துக்காரனிடம் இருக்கும், கேட்டுப் பார்ப்போம் என்றேன். வெறுமனே கேட்டால் மதிக்க மாட்டான், காப்புரிமை என்று ஆரம்பித்தால்தான் பதில் போடுவான் என்று மகளே எழுதி அனுப்பினாள். கடைசி வரியில்தான் முழு வீடியோவைக் கேட்டிருந்தோம். அவன் அதுவரை படித்தானோ என்னவோ, அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

"ஸாரி ஆன்ட்டி. வீடியோவ பேஜ்லேருந்து தூக்கிட்டேன். ஒரிஜினல் ஃபைலையும் அழிச்சிட்டேன். கேஸ் கீஸ் போட்டுடாதீங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பாவி, பயப்படுவதில் இவ்வளவு வேகமா? அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அப்பா நினைவாக இருக்கட்டும் என்று, இறக்கி வைத்த வீடியோவை மகள் தன் பக்கத்தில் போட்டாள். மறுநாள் காலையில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பாட்டு வேறொரு கம்பெனிக்குச் சொந்தமாம், அனுமதி இல்லாமல் போட்டதால் சத்தத்தை எடுத்துவிட்டார்களாம்.

பாட்டை எடுத்துவிட்டார்கள் என்றால் அடியில் அவர் பேசியது இருக்குமே! போனைப் பிடுங்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். சத்தத்தை முழுக்க ஏற்றிக் காதோடு வைத்து அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. முதலில் இருந்த "இன்னாமே" கூட இல்லை.

மகள் பின்னாலேயே வந்தாள். நான் எதைத் தேடுகிறேன் என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"அம்மா, அவங்க மொத்தச் சத்தத்தையும் எடுத்துட்டாங்க. பாட்டு வர்ற எடத்துல அப்பா குரல அழிச்சிட்டுத்தான் அவன் பாட்டே போட்டிருக்கான். அடியில ஒண்ணும் இல்லம்மா."

காதிலிருந்து போனை எடுத்தேன். படத்தில் நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

இன்னாய்யா சொன்ன அப்படி?