ஃபிட் என்றொரு சொல்லும் ஒரு ஸ்பேனரும்

என் மகளுக்கு ரைமிங் வேர்ட்ஸ் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். "ஃபிட்டுக்கு இன்னாப்பா வரும்?" என்று கேட்டாள். சிட், ஹிட், கிட் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், க்விட் என்றதும் எரிந்து விழுந்துவிட்டேன். "போதும் போ, உங்க டீச்சருக்கு வேற வார்த்தையே கெடைக்கலியா?" குழந்தை மிரண்டு அம்மாவிடம் ஓடிவிட்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்? என் கோபம் ஃபிட் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஆளை உள்ளே தள்ளி, ஆளை வெளியே தள்ளுகிறார்களே, அவர்கள் மேல்.

ஒரகடத்தில் ஃபிட் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. வடக்குப்பட்டில் எங்கள் நிலம் கம்பெனிகளுக்குப் போனதும் அப்பா என்னை ஐடிஐயில் சேர்த்து ஃபிட்டர் ஆக்கினார். போல்ட் சரியாக உட்கார்ந்தால் ஃபிட். ஸ்ரீபெரும்புதூர் துணிக்கடையில் பேன்ட் இடுப்பில் இறுக்கிப் பிடிக்காமல் நின்றால் ஃபிட். ஜிம்முக்குப் போகிறவன் செம ஃபிட். மேலே போட்டுக்கொடுத்து ஒருவனை மாட்டிவிட்டால் அது ஃபிட்டிங். கம்பெனி டாக்டர் ஃபிட் என்று எழுதினால்தான் பெர்மனன்ட். பின்னால் ஒரு ஸ் சேர்த்தால் வலிப்பு. என்னோடு வேலை பார்த்த பையனுக்கு அதுவும் இருந்தது.

அவன் சிவகங்கைப் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் நாலு பேரோடு ஒரு ரூமில் கிடந்தான். எங்கள் கம்பெனியில் கார் பாகங்களைக் கண்ணால் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்குகிற வேலை, கான்ட்ராக்டில். என்னை அண்ணே அண்ணே என்றே சுற்றுவான். மாத்திரை போட்டு, நேரத்துக்குத் தூங்கினால் அவனுக்கு ஒன்றும் வராது. பெர்மனன்ட் ஆக்குகிற பேச்சு அப்போதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் லீவு. நைட் ஷிஃப்ட் முடித்தவனை அப்படியே அடுத்த ஷிஃப்டிலும் நிற்க வைத்தார்கள். முடியாது என்று கான்ட்ராக்ட் ஆள் சொல்ல முடியுமா? சொன்னால் நாளைக்குக் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

காலை டீ முடிந்து வந்தவன் கண் செருகி விழுந்தான். இரும்பு ரேக்கின் முனை பட்டு மண்டை கிழிந்தது. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. முதலில் ஓடி வந்தது எங்கள் சூப்பர்வைசர். உள்ளூர்க்காரர், வாய்தான் பெரிசு, மனசு மோசமில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"டேய், இரும்பு குடுங்கடா! இன்னாடா பாத்துகினு கீறீங்க?"

எங்கள் பக்கம் வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுப்பதுதான் வழக்கம். சாவிக்கொத்து, அரிவாள்மனை, கைக்கு எது வருகிறதோ அது. அதனால் ஒரு புண்ணியமும் கிடையாது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் போதும் என்று பிறகு டாக்டர் திட்டினார். அந்த நிமிஷத்தில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்? சூப்பர்வைசர் முதலில் தன் பைக் சாவியைக் கொடுத்தார். அது நழுவிவிட்டது. பக்கத்து மெஷின் மேலிருந்த பெரிய ஸ்பேனரை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, மேலே தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இழுப்பு நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் கையை எடுத்து, வண்டி கூப்பிட ஓடினார். அதற்குள் சேஃப்டி ஆபீசர் வந்து செல்போனில் படம் எடுத்தார். மெஷின் பக்கத்தில் ஆள், மண்டையில் ரத்தம், கையில் ஸ்பேனர்.

அந்தப் படம் போதுமாக இருந்தது. கண்ணால் பார்க்கிற வேலைக்காரன் ஸ்பேனரைத் தொடவே கூடாது. அனுமதி இல்லாமல் மெஷினைப் பிரிக்கப் போனான், அடிபட்டான், தப்பு அவனுடையது என்று கதையை முடித்தார்கள். ஓய்வில்லாமல் இரண்டு ஷிஃப்ட் நிற்க வைத்த பேச்சே எழவில்லை. தலையில் தையலோடு அவனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பார்த்தவன் என்று நானும் போனேன்.

"ஸார், அது வலிப்புக்குக் குடுத்த இரும்பு" என்றேன்.

விசாரணை நடத்திய எச்ஆர் மேனேஜர் சிரித்தார். "இந்தக் காலத்துலயும் இதையெல்லாம் நம்புறீங்களா?" ஆயுத பூஜைக்குத் தன் கார் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிய மனிதர் கேட்கிறார்!

"யார் குடுத்தது?"

"இவருதான்" என்று சூப்பர்வைசரைக் காட்டினேன்.

அவர் தன் ஷூவைப் பார்த்தபடி சொன்னார். "நான் அங்க போம்போதே அவன் கைல இருந்துச்சு ஸார்."

அடப்பாவி! சுற்றி நின்று பார்த்தவர்கள் எல்லாரும் கான்ட்ராக்ட் ஆட்கள், ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. "சூப்பர்வைசருக்கே ஃபிட்டிங் வெக்கிறியா?" என்று எச்ஆர் என் மேல் பாய்ந்தார். பிறகு அந்தப் பையனைக் கேட்டார்கள். "எனக்கு ஒண்ணும் நெனவில்ல ஸார்" என்றான். அவ்வளவுதான். வேலை போயிற்று. பாதுகாப்பு விதியை மீறியவன் என்று முத்திரை விழுந்தால் இந்த வட்டாரத்தில் எந்த கேட்டும் திறக்காது.

ஸ்ரீபெரும்புதூரில் அவனை ஊருக்குப் பஸ் ஏற்றப் போனேன். சூப்பர்வைசரை வாயில் வந்தபடி ஏசிக்கொண்டே நின்றேன்.

"விடுங்கண்ணே. முழிப்பு வந்தப்ப அவரு கைதான் என் கையப் பொத்திக்கிட்டு இருந்துச்சு. பயந்துபோயி அழுதுக்கிட்டு இருந்தாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா? தெரிஞ்சுமாடா நெனவில்லன்னு சொன்ன? உனக்கு இன்னா பைத்தியமா?"

"எனக்கு ஒதவ வந்த மனுசன நானே எப்பிடிண்ணே காட்டிக் குடுக்க? அவரா சொல்லுவாருன்னு பாத்தேன்."

அறைந்துவிடலாம் போல இருந்தது. அவனையா, எச்ஆரையா, சூப்பர்வைசரையா என்று தெரியவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

மறுநாள் சூப்பர்வைசர் தானாகவே என் பக்கத்தில் வந்தார். முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "போய்ட்டானா?"

"போய்ட்டான். அவனுக்கு நெனவு இருந்துது ஸார். நீங்க அழுதது வரைக்கும் பாத்துகினுதான் இருந்தான்."

அவர் கையில் பிடித்திருந்த பைக் சாவியைப் பையில் போட்டார். பெல் அடித்தது. லைனை ஓட்டச் சொல்ல வேண்டியவர் அவர்தான். மறுபடியும் தன் ஷூவைப் பார்த்தபடி நின்றார். நான்தான் சுவிட்சைப் போட்டேன்.