செவ்வந்தி விழுந்த காட்சி

வாய்க்காலில் விழச் சொன்னபோது செவ்வந்திக்குச் சிரிப்புத்தான் வந்தது. கல்லூரிக்குப் போகும் பட்டிக்காட்டுப் பெண் ஒருத்தியின் காதலைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் படம் ஒன்றைத் திருவையாற்றுப் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகி சேற்றில் இறங்க மாட்டேன் என்றுவிட்டார். அவருக்குப் பதிலாக அதே உயரத்தில் ஒரு பெண் வேண்டும். கும்பகோணத்தில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்த செவ்வந்தி, வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டாள். முதுகு மட்டும்தான் தெரியும் என்றார்கள். புத்தகக் கட்டோடு வழுக்கி விழுந்தவள், எழுந்திருக்கும்போது திரும்பிப் பார்த்துவிட்டாள்.

படம் நன்றாக ஓடியது. அந்தத் திரும்பலை அவர்கள் வெட்டவில்லை; அவள் முகமும் படத்தோடு சேர்ந்து ஓடியது.

கல்லூரிக்குள் நுழைந்தாலே யாராவது "தொப்!" என்று கத்துவார்கள். டவுன் பஸ் கண்டக்டர்கூட, "பார்த்து இறங்கும்மா, சேறு" என்பார். கழக ஆட்சி வந்தும் ஊரில் கூலிச் சண்டை ஓயவில்லை. விவசாயக் கூலிகளின் சங்கத்தில் முன்னால் நின்றவர் அவள் அப்பா வீரையன். மிராசுதாரின் காரியக்காரர் நாகநாதன், களத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஒனக்கென்னய்யா வீரையா, ஒம் மகதான் சினிமாக்காரி ஆயிட்டாளே! எங்க, ஒரு தடவ விழுந்து காட்டச் சொல்லு."

சங்கத்து ஆட்களே சிரித்துவிட்டார்கள்.

அன்று மாலை வீரையன், "நாளையிலேருந்து காலேஜு வேணாம்" என்றார்.

"நான் என்னப்பா தப்புப் பண்ணேன்?"

"தப்பு இல்ல தாயி. சிரிக்கிறாங்கல்ல."

அவள் அடுப்படிக்கும் கொல்லைக்குமாக நடந்தாள். வெளியே கேலி, உள்ளே அம்மா காளியம்மாளின் பெருமூச்சு. பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

பட்டுக்கோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தான் செல்லதுரை. தேங்காய் மண்டியில் வேலை. படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவனாம். காபியை வாங்கிக்கொண்டு கூச்சத்தோடு கேட்டான்: "அதுல திரும்பிப் பாப்பீங்களே... அதே மாதிரி ஒரு தடவ பாருங்களேன்."

அவன் கெட்டவனில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. ஆயுசு முழுக்க இவன் முன்னால் விழுந்து எழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

"அன்னிக்கு அந்த நடிகையம்மாவுக்காக விழுந்தேங்க. இனிமே யாருக்காகவும் விழ மாட்டேன்."

செல்லதுரை காபியைக் கீழே வைத்தான். காளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். வீரையன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவள் புத்தகங்களோடு கிளம்பியபோது அவர் வாசலை அடைத்து நின்றார். போ என்று சொல்லவில்லை. கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார், அவ்வளவுதான்.

கேலி அந்த வருஷம் முழுக்க நிற்கவில்லை. அதற்கு நடுவிலேயே பரீட்சை எழுதித் தேறினாள். பிறகு நாகப்பட்டினம் பக்கம் பள்ளிக்கூட வேலைக்குப் போனாள். அந்தப் படத்தை மட்டும் அவள் கடைசிவரை பார்க்கவே இல்லை.