மங்களம் நட்ட காடு

மங்களத்தையா சோம்பேறி என்கிறீர்கள்? நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம். விடியுமுன் கோப்பெங் பஸ்ஸைப் பிடித்து, அப்பா விட்டுப்போன ரப்பர் நிலத்தில் முதுகு ஒடிய வேலை செய்து, இருட்டிய பிறகு ஈப்போவில் தம்பி வீட்டுக்குத் திரும்புகிறவள் அவள். புல் வெட்டவில்லையாம், பாம்பு வளர்க்கிறாளாம். எஸ்டேட்டில் பிறந்த நமக்கு மரத்தடி கூட்டிவிட்ட வாசல் மாதிரி இருக்கவேண்டும்; ஒரு புல் தலைநீட்டினாலும் கங்காணி வைவான். கங்காணி செத்தான், எஸ்டேட்டும் வீட்டுமனையாகிவிட்டது. அந்தப் பயம் மட்டும் சாகவில்லை.

மங்களம் அதை விட்டொழித்தவள். பக்கத்து மலைக்காட்டுக்கு யார் உரம் போட்டார்கள் என்று யோசித்தாள். அதைப் பார்த்தே நட்டாள். கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டாமல் மிளகுக்கொடி ஏற்றினாள். உயரத்துக்குப் பெத்தாய், டுரியான் மரங்கள், அவற்றின் நிழலில் லங்சாட் பழமரம், அதற்கும் கீழே காப்பி, தரையில் இஞ்சியும் மஞ்சளும். உதிர்ந்த இலையைக் கூட்டவே இல்லை. மண் கறுத்து, எந்த மழைக்கும் கரையாமல் நின்றது.

தம்பி ஜெயபாலன் கெட்டவன் இல்லை, ஊர்ப்பேச்சு தாங்காதவன். ஊரெல்லாம் எண்ணெய்க்குப் போடும் செம்பனையைப் போடச் சொல்லி மன்றாடினான். நிலம் அவள் பேரில், அவள் மசியவில்லை. கோயில் திருவிழாவுக்குச் சனம் அந்த வழியாக வருமே என்று, அவள் காய்ச்சலில் படுத்திருந்த வாரம், உதவி செய்வதாக நினைத்து ஆள் வைத்துக் களைமருந்து அடித்துவிட்டான். எழுந்து போய்ப் பார்த்தாள். இஞ்சியும் மஞ்சளும் காப்பிக் கன்றும் வெந்நீர் ஊற்றியதுபோலச் சுருண்டு கிடந்தன.

“இப்பத்தான்க்கா தோட்டம் மாதிரி இருக்கு,” என்றான் அவன், அன்றிரவு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே. “காடு மாதிரில இருந்துச்சு.”

“காடு மாதிரி வேணும்னுதாண்டா நட்டேன்.”

அவன் கை சோற்றில் நின்றது. எல்லாம் களை என்று நினைத்தேன், இனிமேல் அடிக்கமாட்டேன் என்றான். அவள் நம்பினாள். ஆனால் அடுத்த திருவிழாவுக்கு வேறு யாருக்காவது வெட்கம் வருமே. ஆள் குடியிருக்கும் நிலத்தில் எவன் மருந்து டேங்கைத் தூக்கிக்கொண்டு நுழைவான்? மறுநாளே, நிலத்துக் கொட்டகையில் குடியிருக்கப் பாயைச் சுருட்டினாள்.

“இந்த வயசுல அந்தக் கொட்டாயில தனியாவாக்கா? நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“பேசட்டும்லா. அவுங்க வாய்க்கும் ஆள் வச்சு மருந்து அடி.”

சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். ஒரு தோளில் பாய், மறு தோளில் மண்வெட்டி, கைப்பையில் முளைவிட்ட விதை இஞ்சி. பட்டப்பகலில், கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.