பூசைக்கு வைத்த இன்கியுபேற்றர்

பெர்னடெட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. குருநகர்க் கடற்றொழில் குடும்பம். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் இதய நோயாளருக்கு மலச்சட்டி வைத்து, படுக்கை மாற்றி, ஓய்வூதியம் எடுத்தவர். வீட்டில் குந்தியிருக்க இரண்டு மாதம் பார்த்தார், சரிவரவில்லை. நல்லூரில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்துகொண்டார்.

அங்கே டொக்டர் பிரதீபா மனிதக் குருத்துக் கலங்களை இதயத் தசையாக வளர்க்கப் பார்த்தார். குருத்துக் கலம், அதாவது ஸ்டெம் செல், உடம்பில் எதுவாகவும் ஆகக்கூடியது. ஒன்றுவிட்ட ஒருநாள் தவறாமல் ஏற்ற திரவத்தை மாற்றிக் கொடுத்தால் இதயமாக மனந்திரும்பி, தட்டிலேயே தானாகத் துடிக்கும். இரண்டு முறை துடிக்காமலே செத்துப்போனது. இது மூன்றாவது முறை. கையில் இருந்த கலங்களில் கடைசிக் குப்பி. இதுவும் போனால் வேலையை மூடுவதென்று மேலிடம் சொல்லிவிட்டது.

துடிப்புத் தொடங்கவேண்டிய பத்தாம் நாள் சரஸ்வதி பூசையன்று வந்தது. பெர்னடெட் பின்னேரம் மூன்று மணிக்குச் சைக்கிளில் போனபோது, கலத் தட்டைச் சூட்டில் வைத்திருக்கும் இன்கியுபேற்றருக்குச் சிவப்புப் பட்டுச் சுற்றி, கதவில் மூன்று சந்தனப் பொட்டு வைத்து, மாலையும் போட்டிருந்தது. நுணுக்குக்காட்டிக்கு வேட்டி போர்த்தியிருந்தது. நிருஷன், ஆய்வுகூடத்துத் தொழில்நுட்பவியலாளர், வாய் நிறைய அவலோடு நின்றான்.

"தம்பி, பிள்ளையளுக்குச் சாப்பாடு மாத்தினியோ?"

"அது நாளைக்கெல்லோ அக்கா?"

"ஒண்டைவிட்ட ஒரு நாள். இண்டைக்கடா!"

நிருஷன் விரல்விட்டு எண்ணினான். அவல் தொண்டையில் நின்றுவிட்டது. "ஐயோ அக்கா! பூசைக்கு வைச்சாச்சு. விடியத்தான் எடுக்கலாம். நான் தொட்டனெண்டு தெரிஞ்சால் அம்மா வீட்டுக்குள்ளை விடமாட்டா."

"விடியுமட்டும் பட்டினி கிடந்தால் துடிக்காது, நாறும். டொக்டருக்குப் போன் அடி."

இணுவிலில் மாமியார் வீட்டில் நின்ற பிரதீபா போனில் கிசுகிசுத்தார். "மாமி பக்கத்திலை நிக்கிறா அக்கா. நீங்கள்… நீங்கள் வேதக்காரர்தானே?"

"ஓம். ஞானஸ்நானம் எடுத்து ஐம்பத்தெட்டு வருஷம்."

"அப்ப உங்களுக்குத் தடை இல்லைத்தானே?"

"எனக்கென்ன தடை! சரஸ்வதி கோவிச்சால் நான் மாதாவைக் கொண்டு கதைப்பிக்கிறன்."

மாலையைக் கழற்றி நிருஷனின் கழுத்திலேயே போட்டார். கையுறை, துடைக்க மதுசாரம், சூடாக்கிய திரவம். கதவைத் திறந்தால், ரோசா நிறத்தில் இருக்கவேண்டிய திரவம் மஞ்சளாகிக் கிடந்தது. நோயாளிக்குச் சேலைன் மாற்றும் அதே பதற்றமில்லாத கை பழையதை உறிஞ்சி எடுத்து, புதியதைத் தட்டின் ஓரமாக மெல்ல விட்டது. பிறகு நுணுக்குக்காட்டியின் வேட்டியை உருவிவிட்டு, தட்டை அதன் கீழே வைத்துக் கண்ணை வைத்தார்.

ஒன்றுமில்லை. தட்டைச் சற்று நகர்த்தினார். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம்.

ஒரு மூலையில் கடுகளவு தசை சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது.

"எடேய்!" என்று பெர்னடெட் கத்தியதில் நிருஷன் பின்வாங்கிப் படையல் கடலைத் தட்டோடு மோதினான். "அடிக்குதடா! நெஞ்சில்லாமல் நெஞ்சு அடிக்குது!"

"உண்மையாவோ? அக்கா… பாக்கிறது வாசிக்கிறதுக்குச் சமனோ?"

"உனக்கென்ன, அதிலை எழுத்தே இருக்கு? வந்து பாரடா!"

பார்த்தான். மாலையோடு துள்ளினான். போனுக்குள் பிரதீபா அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை; "நான் வாறன், வாறன்" என்றது மட்டும் கேட்டது. பின்னால் மாமியார், "எங்கை பிள்ளை, மோதகம் அவியுது!" என்றார்.

பெர்னடெட் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நிமிஷத்துக்கு முப்பத்தாறு. வார்ட்டில் ஒரு நோயாளிக்கு இவ்வளவு மெதுவாக அடித்தால் ஓடிப்போய் டொக்டரைக் கூப்பிட்டிருப்பார். இங்கே சிரிப்பு அடங்கவில்லை.

"பதியவேணும். கொப்பியை எடு."

"கொப்பியும் கும்பத்துக்குக் கீழைதான் அக்கா. நான் எழுதேலாது."

பெர்னடெட் கும்பத்தைக் கும்பிட்டு, கொப்பியை உருவி எடுத்தார். அதில் டொக்டரும் தொழில்நுட்பவியலாளரும் தவிர வேறு யாரும் எழுதியதில்லை. திகதி போட்டு, பத்தாம் நாள், பி.ப. 3.50, துடிக்கிறது, 36 என்று எழுதி, கீழே முழுப் பெயரையும் பெரிதாக வைத்தார். 'டெ' கொஞ்சம் கோணிவிட்டது. வெட்டாமல் அப்படியே விட்டார்.