தையலுக்கு விட்ட துணி

மூன்று வருடப் படிப்பை என் அக்கா பத்து வருடம் படித்தாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பத்து வருடமும் அவளோடு சேர்ந்து நானும் அல்லாடியிருக்கிறேன் என்பதால் சொல்லிக்காட்டும் உரிமை எனக்கு உண்டு. நான் அதே பி.காமை இருபத்தோரு வயதில் முடித்து, பட்டமளிப்புக்குக்கூடப் போகாமல், சான்றிதழைத் தபாலில் வரவழைத்து அலமாரிக்குள் போட்டவள். அதனால் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

அக்கா ஒரு தையல் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். பள்ளிக்கூடச் சீருடை, மருத்துவமனைக் கோட்டு, ஓட்டல்காரர்களின் மேலங்கி என்று வருடம் முழுக்க வேலை ஓடும். கல்லூரிகளில் பட்டமளிப்பு நெருங்கினால் கறுப்பு கவுன் வந்து குவியும். நாற்பது அடி நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவுக்கு நறுக்கிய மாதிரி அட்டையை வைத்துக் கோடு போட்டு வெட்டுவது அவள். மற்றவர்கள் தைப்பார்கள். பதினெட்டு வயதில் பட்டன் தைக்கப் போனவள், முப்பது வயதில் கத்தரியைக் கையில் எடுத்தாள். பட்டறையில் எல்லோருக்கும் அவள் மாஸ்டர். பட்டறை வேனை ஓட்டும் என் மாமாவும், அதாவது அவள் புருஷனும், வீட்டிலேயே அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

அவள் படிக்கப் போனது ஒரு சட்டைக்கையால். நம்பமாட்டீர்கள், ஆனால் அதுதான் நிஜம்.

ஒரு தடவை, வாடகைக்கு எடுத்த கவுனைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒரு பெண், கை நீளம் சரியில்லை என்று குறை சொன்னாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. அளவெடுத்து வெட்டியது அவளாயிற்றே.

"தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் சரியா இருக்கேம்மா" என்றாள்.

"சும்மா நின்னா சரியாத்தாங்க இருக்கு. மேடையில கையை நீட்டி வாங்கும்போது விரலையே மூடிடுது. நீங்க ஏறி வாங்கியிருந்தா தெரியும்."

அந்தப் பெண் சாதாரணமாகத்தான் சொன்னாள். அக்கா அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "நானும் ஒருதடவை ஏறிப் பாத்துட்டு வந்துதான்டி அந்தக் கையைத் திருத்துவேன்" என்றாள். அப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. கோபத்தில் சொல்கிறாள், நாலு நாளில் ஆறிவிடும் என்று நினைத்தேன். நாலாம் நாள் விண்ணப்பப் படிவத்தோடு வந்து நின்றாள்.

வேலை செய்பவர்களுக்கான படிப்பு அது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. இருபத்து நான்கு தாள். எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் சேர்ந்த நாளிலிருந்து பத்து வருடத்துக்குள் எல்லாவற்றிலும் தேறிவிட வேண்டும். ஒன்று தவறினாலும் மற்ற இருபத்து மூன்றும் செல்லாது. "பத்து வருஷமா? அதுக்குள்ள நான் முனைவரே ஆயிடுவேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவள் படித்த விதம் இருக்கிறதே, அதைச் சொல்லியே ஆக வேண்டும். விரித்த துணியை உடனே வெட்டக்கூடாது. உருளையிலிருந்து இழுபட்டு வந்த துணி, அரை மணி நேரமாவது மேசையில் சும்மா கிடந்து படிய வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் வெட்டிய பிறகு சுருங்கிக்கொண்டு மானத்தை வாங்கும். அந்த அரை மணி நேரம்தான் அக்காவின் கல்லூரி. மேசை ஓரத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தை விரிப்பாள். துணி படிந்ததும் மூடிவிடுவாள். வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் சரிதான். எந்தப் பக்கம் என்று அடையாளம் வைக்க ஒரு துண்டு ரிப்பன்.

எழுதிப் பார்க்கத் தாள் கிடைக்காவிட்டால் சுண்ணக்கட்டியால் துணி ஓரத்திலேயே எழுதுவாள். ஒரு மருத்துவர், தன் புதுக் கோட்டின் உள்பையில் வட்டிக் கணக்கின் சூத்திரம் இருக்கிறது என்று தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். முதலாளியம்மா அதைப் பட்டறை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அக்கா மட்டும், "சூத்திரம் சரியா இருந்துச்சான்னு கேட்டீங்களா?" என்றாள்.

இப்படி வருடத்துக்கு மூன்று, நான்கு தாளாகத் தேறிக்கொண்டே வந்தாள். இடையில் மாமாவுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்து ஒரு வருடம் போயிற்று. பட்டறை இடம் மாறியதில் அரை வருடம் போயிற்று. ஒன்பதாம் வருடம் முடிந்தபோது மிச்சம் இருந்தது ஒரே ஒரு தாள். வணிகக் கணிதம். அளவிலேயே பிழைப்பு நடத்துகிறவளுக்குக் கணக்கு ஒரு பொருட்டா என்று எல்லோரும் மெத்தனமாக இருந்தோம்.

முப்பத்தெட்டு மதிப்பெண் வந்தது. தேற நாற்பது வேண்டும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திருத்தியவர் மேல்தான் தப்பு என்று முடிவு கட்டி, விண்ணப்பம் போட்டு விடைத்தாளின் நகலை வாங்கினேன். பார்த்தால், கூடாரம் தைக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு துணி வேண்டும் என்று ஒரு கணக்கு. அக்கா ஒவ்வொரு படியும் பிசகாமல் போட்டிருக்கிறாள். சரியான விடையும் வந்திருக்கிறது. அதற்குக் கீழே, அழகான கையெழுத்தில், "தையலுக்கும் ஓர மடிப்புக்கும் சேர்த்து" என்று எழுதி, விடையைக் கூட்டி, அதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறாள். இறுதி விடைக்கான இரண்டு மதிப்பெண் போயே போய்விட்டது.

"ஏன்க்கா இப்படிப் பண்ண?" என்றேன்.

"என்ன பண்ணேன்? தையலுக்குக் கொஞ்சம் துணி விடாம கூடாரத்தை எப்படிடி தைப்பான்?"

"தைக்க வேண்டாம்க்கா. கணக்குப் போட்டா போதும்."

"தைக்காத கூடாரத்துக்கு எதுக்குடி துணி கேக்குறான்?"

மாமா செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். அக்காவும் சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கி, "இன்னும் ஒரு தடவைதான் இருக்கு, இல்ல?" என்று கேட்டாள். ஆமாம், இன்னும் ஒரே ஒரு தடவைதான் இருந்தது.

அடுத்த ஆறு மாதம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. அலுவலகம் முடிந்து நேராக அவள் வீடு. கணக்கு அவளுக்கு நன்றாகவே வரும். வராதது, விடை வந்ததும் பேனாவை மூடி வைப்பதுதான். "முடிஞ்சுதா?" என்றால், "முடிஞ்சுது" என்பாள். கை மட்டும் தானாக இன்னொரு வரி எழுதப் போகும். இருபத்தைந்து வருடப் பழக்கம். பட்டறையிலும் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அவள் புத்தகத்தைத் திறந்தால் போதும், தையல் மெஷினில் இருக்கும் ஒருத்தி "மாஸ்டர், தையலுக்கு?" என்று கேட்பாள். "விடமாட்டேன்" என்று அக்கா சொல்ல வேண்டும். புத்தகத்தை மூடியதும், மேசையில் துணிக்குத் தையலுக்கு விட்டுத்தான் கோடு போடுவாள். மாமா தன் பங்குக்கு, பரீட்சைக்குக் கொண்டுபோகும் பேனாவின் மூடியில் கறுப்பு நூலைச் சுற்றிக் கட்டினார். மூடியைத் தொட்டாலே ஞாபகம் வருமாம்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தவளின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நானும் மாமாவும் வாசலில் நின்றிருந்தோம்.

"துணிக் கணக்கு வந்துச்சா?" என்றேன்.

"வந்துச்சு. முப்பத்திரண்டு கன அடி கொள்ளுற துணித்தொட்டி. அடிப்பக்கம் சதுரம், மூடி கிடையாது. குறைந்தபட்சம் எவ்வளவு துணின்னு."

"எவ்வளவு எழுதுன?"

"நாப்பத்தெட்டு சதுர அடி."

நான் அங்கேயே உள்ளங்கையில் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தெட்டுதான். "தையலுக்கு?"

"விடல." சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. "பேனாவை அப்பவே மூடிட்டேன்டி. ஒரு நூல்கூட விடல. யார் தைக்கப்போறானோ பாவம். முதல் நாளே வாயைப் பிளந்துடும்."

மாமா அவளை அணைத்துக்கொண்டு, "தைக்க மாட்டாங்க மாஸ்டர், நீ வா" என்றார்.

அறுபத்தொன்று வந்தது. பட்டறையில் அன்றைக்கு மெஷின் எதுவும் ஓடவில்லை. முதலாளியம்மா எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். அக்கா அதைக்கூட அட்டை வைத்து வெட்டின மாதிரி ஒரே அளவாக வெட்டினாள்.

பட்டமளிப்புக்கு இரண்டு நாள் முன்பு அவளுக்கு உதவலாமென்று போனேன். பீரோவின் அடித்தட்டிலிருந்து காகிதத்தில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்தாள். கறுப்பு கவுன். படிப்பில் சேர்ந்த வாரம், மிச்சத் துணியைக் கேட்டு வாங்கி, தன் அளவுக்குத் தானே வெட்டித் தைத்து வைத்ததாம். பத்து வருடமாக எனக்கே தெரியாது. போட்டுப் பார்த்தாள். கை நுழைந்தது. தோள் சரியாக உட்கார்ந்தது. அதற்குக் கீழே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சந்திப்பதாக இல்லை. முப்பத்து நாலில் இருந்த இடுப்பு நாற்பத்து நாலில் இருக்குமா?

"விடுக்கா. பட்டறையில இருநூறு கவுன் தொங்குது. அதுல ஒண்ணை எடுத்துக்கலாம்" என்றேன்.

அவள் கவுனைக் கழற்றி உள்பக்கமாகத் திருப்பி என் மடியில் போட்டாள். பார்த்தேன். பக்கத்துத் தையலுக்கு அரை இஞ்சுதான் விடுவார்கள். இதில் இரண்டு பக்கமும் முழுசாக மூன்று மூன்று இஞ்சு மடங்கிக் கிடந்தது.

"எதுக்குக்கா இவ்வளவு விட்ட?"

"மூணு வருஷத்துல முடியாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டி" என்றாள். பிளேடை எடுத்து என்னிடம் நீட்டினாள். "பிரி. துணியை வெட்டிடாத. அப்படியே அந்தக் கணக்கு வாத்தியார் எங்கயாவது தென்பட்டா கூட்டிட்டு வந்து காட்டு."

நான் பிரித்தேன். பாதிக்கு மேல் தையல் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு அழுகை. மூன்று வருடத்தில் முடித்து அலமாரிக்குள் போட்ட என் சான்றிதழை நினைத்து முதல்முறையாக வெட்கப்பட்டேன். அவள் மெஷினில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் புதுத் தையல் போட்டுவிட்டாள்.

அரங்கத்தில் நானும் மாமாவும் பத்தாவது வரிசையில் இருந்தோம். பேரைக் கூப்பிட்டதும் அக்கா மேடை ஏறினாள். நடுவில் போய் நின்று வலது கையை நீட்டினாள். சான்றிதழைக் கொடுத்தவர் சிரித்தபடி ஏதோ சொன்னார். அவள் அவரைப் பார்க்கவில்லை. குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்தவளை நானும் மாமாவும் கட்டிக்கொண்டோம். அவள் என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்டி. கை நீளத்துல ஒரு இஞ்சு குறைக்கணும்."

திங்கட்கிழமை போய் முதல் வேலையாகக் கவுன் கையின் அட்டையைத் திருத்தினாள்.