அரியக்குடியில் தற்செயலாகச் சந்தித்தவர்கள்

கோடை விடுமுறையின் கடைசி நாளை எப்படிக் கழிப்பது என்று நான் முன்கூட்டியே வரிசை போட்டு வைத்திருந்தேன். முதலில் கொத்தமங்கலத்துப் பெரிய வீடு. அதன் மாடியில் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு பெல்ஜியம் கண்ணாடிகள் எதிரெதிரே இருப்பதாகவும், நடுவில் நின்றால் நம்மைப் போல நூறு பேர் தெரிவார்கள் என்றும் பெரியப்பா சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அரியக்குடிப் பெருமாள் கோயில். கடைசியாகக் காரைக்குடியில் ஒரு கலர் சோடா. மறுநாள் காலையில் அப்பா வந்து என்னைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய்விடுவார். அங்கே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ள எனக்கு அந்தக் கண்ணாடி வேண்டியிருந்தது.

அறுபதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயது. பெரியப்பா நாச்சியாபுரத்தில் விவசாயம் பார்த்தார். அப்பாவின் தங்கையான என் அத்தையும் அந்த வீட்டில்தான் இருந்தாள். ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் இருந்ததால் அவளுக்கு வந்த வரன்கள் எல்லாம் தட்டிப் போயிருந்தன. அன்று நாங்கள் ஊர் பார்க்கப் போனதே ஒரு சாக்கு என்பதைப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். தேவகோட்டையில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர், மனைவியை இழந்து ஒரு சின்ன மகளோடு இருந்தவர், அத்தையைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் ஏதாவது ஒரு கோயிலில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வதுபோல வைத்துக்கொள்வார்கள். ஒத்துவராவிட்டால் இரண்டு குடும்பமும் சாமி கும்பிட்டதோடு சரி. பிடிக்கவில்லை என்றால் அத்தையும் சொல்லிவிடலாம், கட்டாயம் இல்லை என்று பெரியப்பா வாக்குக் கொடுத்திருந்தார். "பாத்துட்டுச் சொல்றேன்" என்று அத்தை சொல்லியிருந்தாள்.

இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது என் வரிசை மட்டும்தான்.

வாடகைக்கு எடுத்த பிளசர் கார் நேராக அரியக்குடிக்குப் போனபோதே அந்த வரிசை குலைந்தது. அந்த வெயிலில் அத்தை பட்டுப்புடவை கட்டியிருந்தாள். பெரியம்மாவின் அட்டிகை அவள் கழுத்தில் இருந்தது. கோயிலில் சாமி கும்பிட்டு முடித்த பிறகும் யாரும் கிளம்புவதாக இல்லை. பெரியப்பா வாசலுக்கும் மண்டபத்துக்கும் நடந்தபடி, தேவகோட்டைக் கார் ஏதும் வந்ததா என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவரும், அவருடைய அக்காவும், நாலு வயதிருக்கும் ஒரு பெண்பிள்ளையும் உள்ளே வந்தார்கள். பெரியப்பா திடுக்கிட்டவர்போல நின்றார்.

"அடடே, நீங்களா? என்ன இம்புட்டு தூரம்?"

"சும்மா, பெருமாளச் சேவிச்சுட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றார் அந்த அக்கா. "நீங்க எங்குட்டு இப்படி?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பெரியப்பா, இவங்க வந்துட்டாங்களான்னுதானே இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டிருந்தீங்க?" என்றேன்.

பெரியம்மா ஒரு வாழைப்பழத்தை உரித்து என் வாயில் வைத்தாள். "பிள்ளைக்கு வெயிலு ஒத்துக்கிறல. கோயம்புத்தூர்ல வளர்ந்ததுல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு, அதுவும் தற்செயலாகத்தான், இரண்டு கார்களும் கொத்தமங்கலத்துக்குக் கிளம்பின.

பெரிய வீட்டின் சொந்தக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொண்ட கிழவர் கதவுகளைத் திறந்தபடி, "அம்புட்டும் ரங்கூன் தேக்கு" என்று எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம் கொடுத்தார். துணிக்கடைக்காரர் மேற்கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். எங்கள் கூட்டத்தில் ஊர் பார்க்க வந்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்தேன். அவருடைய அக்கா வீட்டைப் பார்க்கவே இல்லை.

"அந்தக் கடைசித் தூணுவரைக்கும் போயிட்டு வாத்தா, வேலைப்பாடு எப்படியிருக்குன்னு பாரு" என்று அத்தையை அனுப்பினார். எல்லாத் தூண்களும் ஒரே மாதிரிதான் இருந்தன. அத்தை போய்விட்டு வந்தாள். அடுத்து, சுவரில் பதித்திருந்த கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னார். தனக்குக் கண் சரியாகத் தெரியவில்லையாம். சற்று முன்புதான் பெரியம்மாவின் புடவையில் ஒரு இழை பிரிந்திருப்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். அத்தை படித்தாள்.

வானம் பார்த்த நடுமுற்றத்தை அந்தப் பக்கம் வளவு என்பார்கள். அதைச் சுற்றிய கூடத்தில் எல்லோரும் நின்றபோது அந்தச் சின்னப்பிள்ளையின் காலடியில் தரை நனைந்தது. யாரிடமும் சொல்லத் தெரியாமல் வெகுநேரம் அடக்கி வைத்திருந்திருக்கிறது. பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லில் ஈரம் மெதுவாகப் பரவியது.

"போற எடமெல்லாம் இதே வேலை. மானத்த வாங்குறதுக்குன்னே வரும்" என்று அக்கா கையை ஓங்கினார்.

அத்தை குறுக்கே போய்விட்டாள். "அடிக்காதீக. இங்குட்டுக் குடுங்க" என்று பிள்ளையை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்தாள். பட்டுப்புடவை நனைந்தது. பெரியம்மாவின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அத்தை துணிக்கடைக்காரரைப் பார்த்து, "அங்க மேல என்னத்தப் பாக்குறீக? கெணத்தடிக்கு வந்து ரெண்டு வாளி தண்ணி எறச்சுக் குடுங்க" என்றாள்.

கிழவர் சொன்னார்: "மழத்தண்ணியே விழுகுற வீடு. பிள்ளத் தண்ணிக்கா கெட்டுப்போகும், போங்கத்தா."

துணிக்கடைக்காரர் இறைத்தார். வாளி சுவரில் மோதி மோதி வந்தது. பாதித் தண்ணீர் அவர் வேட்டியில் கொட்டியது. அத்தை பிள்ளையைக் கழுவிவிட்டு, பெரியப்பா அன்றைக்கென்று போட்டு வந்த ஜரிகைத் துண்டை வாங்கி அதன் இடுப்பில் சுற்றினாள். நனைந்த பாவாடையைக் கையில் எடுத்ததும், பிள்ளை கூடத்தில் நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் காதருகே வந்து, "அவுககிட்டக் குடுக்காதீக" என்றது. அத்தை அதைப் பிழிந்து எங்கள் கூடையின் அடியில் வைத்தாள்.

அந்த அக்கா, "சொல்லி அனுப்புறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நான் மாடியை ஞாபகப்படுத்தினேன். "மாடியாவது மண்ணாவது, ஏறு கார்ல" என்றாள் பெரியம்மா. கலர் சோடாவும் போயிற்று. ஒரு பிள்ளை செய்த காரியத்துக்கு எல்லோரும் ஏன் அத்தையிடம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று வழி நெடுக யோசித்துக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் தேவகோட்டையிலிருந்து துணிக்கடை ஆள் ஒருவர் பஸ்ஸில் வந்தார். வாசலில் நின்றபடியே பெரியப்பாவிடம் பேசினார். "அக்காவுக்குக் கொஞ்சம் யோசனைதான். ஆனா மொதலாளிக்குப் பூரண சம்மதமாம். பொண்ணு என்ன சொல்றாகன்னு கேட்டு வரச் சொன்னாக."

பெரியப்பா உள்ளே வந்தார். அத்தை கொல்லைப்புறத்தில் இருந்தாள். துவைத்துப் போட்ட அந்தச் சின்னப் பாவாடை கொடியில் காய்ந்து விறைத்திருந்தது. அதை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா சொல்லட்டும்?" என்றார் பெரியப்பா. "ஒனக்கு வேணாம்னா வேணாம்தான்."

அத்தை வெகுநேரம் பாவாடையை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "இதக் கொண்டுபோய்க் குடுக்கணும்ல" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பெரியப்பா தோளில் கிடந்த பழைய துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியம்மா அடுக்களைக்கு ஓடிச் சீனி டப்பாவை எடுத்து வந்து, முதலில் அகப்பட்ட என் வாயில் ஒரு கை போட்டாள். கேட்ட கேள்வி ஒன்று, அத்தை சொன்ன பதில் வேறு; அதற்கு ஏன் சீனி என்று எனக்கு விளங்கவில்லை.

வாயில் சீனியோடு நான்தான் ஒரு வழி சொன்னேன். ஒரு பாவாடைக்காக அத்தை எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும், வாசலில் நிற்கிறவரிடமே கொடுத்தனுப்பிவிடலாமே என்றேன். அத்தை பாவாடையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், நான் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவேன் என்பதுபோல.