அரக்குக்கு வைத்த பொட்டு

பருத்தி நாறும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தூசி தெரியும், இருமல் தெரியும். நாற்றம் அந்த ஒரு வருஷம்தான் தெரிந்தது. இன்றைக்கும் ஈரச் சாக்கைப் பார்த்தால் குமட்டும்.

அறுபதுகளின் கடைசி. பாளையம்பட்டி தாண்டி ஒரு ஜின்னிங் கம்பெனியில் வேலை பார்த்தேன். பருத்தியில் கொட்டை வேறு, பஞ்சு வேறாகப் பிரிக்கிற இடம். நாற்பது பொம்பளைகள் உட்கார்ந்து இலையும் கறைப் பருத்தியும் பொறுக்குவோம். நான் மூத்தவள்.

பக்கத்திலேயே நூல் மில் கட்டப்போவதாகச் சொல்லி முதலாளி ஊரில் பங்கு விற்றிருந்தார். நெசவுத் தெருவில் நிறையப் பேர் வாங்கினார்கள். பங்கு வைத்திருந்தால் நூல் முதலில் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். பத்திரத்தைக் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய வீடும் உண்டு.

என் அண்ணனுக்குத் திருச்சுழிக்குத் தெற்கே கரிசல் காடு. வானம் பெய்தால்தான் வெள்ளாமை. கிணறு வெட்டினார். முப்பது அடியில் பாறை. வெடி வைக்காமல் கீழே போக முடியாது. அந்த வருஷம் பதினொரு மூட்டை பருத்தி விளைந்தது. அதை விற்றுத்தான் வெடி.

எடுக்கிற நேரத்தில் விலை விழுந்துகிடந்தது. கம்பெனி குடோனில் போட்டு வைக்கலாம், விலை ஏறியதும் விற்றுக்கொள்ளலாம் என்று கணக்கப்பிள்ளை சொன்னார். அதை அண்ணனிடம் போய்ச் சொன்னது நான். அவர் ஒவ்வொரு மூட்டையிலும் அடுப்புக்கரியால் ஒரு வட்டம் போட்டு இறக்கினார். சுவரோரம் அடுக்கினோம்.

அந்த வருஷம் சர்க்கார் இரண்டு உத்தரவு போட்டது. இவ்வளவுக்கு மேல் யாரும் பருத்தி இருப்பு வைக்கக்கூடாது. வாய்தா வியாபாரமும் கூடாது. பருத்தி செடியில் இருக்கும்போதே, இன்ன மாதம் இன்ன விலைக்குத் தருகிறேன் என்று பேசி வைப்பதற்குப் பெயர் வாய்தா.

வைகாசியில் ஜீப்பு வந்தது. அதிகாரிகள் குடோனில் இருந்த எல்லாவற்றையும் எண்ணினார்கள். கரி வட்டம் போட்டதையும் கம்பெனி இருப்பு என்று எழுதினார்கள். கணக்கப்பிள்ளை பக்கத்திலேயே நின்றார். இது வெளிச் சம்சாரி போட்டு வைத்த மூட்டை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டினார். மூடிக்கொண்டேன். அந்த மூட்டைகளையும் தங்களுடையது என்று பேங்கில் காட்டி லோன் வாங்கியிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இருப்பு அளவுக்கு மேலே என்று குடோனைப் பூட்டினார்கள். பூட்டின் மேல் துணி சுற்றி, ஒரு கையெழுத்துச் சீட்டு வைத்து, சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார்கள். பொம்பளைகள் வீட்டுக்குப் போனார்கள். வாசல் கூட்ட என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

கம்பெனி மெட்ராஸில் கேஸ் போட்டது. புரட்டாசி கழிந்தால் தீர்ப்பு என்றார்கள். அண்ணன் மாதம் ஒருமுறை பஸ்ஸில் வருவார். பூட்டைப் பார்ப்பார். திரும்பிப் போவார்.

ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் தராசு, மிஷின், கூடை, விளக்குமாறு, கதவு எல்லாவற்றுக்கும் நான்தான் பொட்டு வைப்பேன். அந்த வருஷமும் வைத்தேன். ஈரத் துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுச் சந்தனம், அதன் மேல் குங்குமம். குடோன் கதவுக்கு வந்தேன். கதவில் எப்போதும் பூட்டுக்குத்தான் பொட்டு. பூட்டின் மேல் அரக்கு இருந்தது. தூசி படிந்திருந்தது. துடைத்தேன். அண்ணன் பருத்தியை நினைத்துக்கொண்டு கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.

நாலாம் நாள் அரக்கு முத்திரையைச் சரிபார்க்க இன்ஸ்பெக்டர் வந்தார். சீட்டில் கையெழுத்து நீலமாகக் கரைந்திருந்தது. முத்திரைப் பள்ளத்தில் சந்தனம் காய்ந்து கிடந்தது.

"யார் கைய வச்சது?"

"நான்தான்யா. பொட்டு வச்சேன்."

"பொட்டா? சர்க்கார் சீலுக்கா?"

"கதவுக்குய்யா."

முத்திரையைக் கலைத்துவிட்டார்கள், உள்ளே இருந்து சரக்கு போயிருக்கலாம் என்று எழுதிக்கொண்டு போனார். அருப்புக்கோட்டை கோர்ட்டில் விசாரணை வைத்தார்கள். அது முடிந்து அறிக்கை போனால்தான் மெட்ராஸ் கேஸ் நகரும் என்றார்கள்.

நான் பயந்தது முதலாளிக்கு. அவர் காரில் வந்து இறங்கினார். பூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "சரி, போய் வேலையப் பாரு" என்றார். வேலையே இல்லாத இடத்தில் என்ன வேலை. ஏன் திட்டவில்லை என்று அப்போது யோசிக்கவில்லை. நல்ல மனுசன் என்று நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே வெறுப்பு வருகிறது.

கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். சர்க்கார் வக்கீல் கேட்டார்.

"அரக்க எதுக்கும்மா தொடச்ச?"

"தொடைக்காமப் பொட்டு வைக்கலாமாய்யா?"

எல்லாரும் சிரித்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவரும் சிரித்தார். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். கம்பெனி வக்கீல் எழுந்தார். இந்த அம்மாள் சொன்னது சரி, கேஸை முடித்துவிடுங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். அவர் வாய்தா கேட்டார். கொடுத்தார்கள்.

வெளியே வேப்ப மரத்தடியில் அண்ணன் நின்றார்.

"என்னத்தா சொன்னாக?"

"வாய்தா போட்டாகண்ணே."

"வாய்தா கூடாதுன்னுதான சர்க்காரு சொல்லுச்சு?"

"அது பருத்திக்காம். இது கேஸுக்காம்."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப அவுக போட்டா மட்டும் செல்லுமாக்கும்" என்றார்.

இரண்டாம் தடவையும் வாய்தா கேட்டது கம்பெனி வக்கீல்தான். மூன்றாம் தடவையும் அவரேதான்.

ஐப்பசி மழை பிடித்தது. எப்போதும் பொய்க்கிற மழை அந்த வருஷம் பெய்தது. குடோனில் சுவரோரத் தகரம் ஒன்று ஓட்டை. எனக்குத் தெரியும். மழை நின்றாலும் உள்ளே சொட்டுகிற சத்தம் கேட்கும். கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். கோர்ட்டுப் பொறுப்பு என்றார். இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் கம்பெனிப் பொறுப்பு என்றார். ஏணி போட்டு மேலே ஒரு சாக்காவது விரிக்கட்டுமா என்று கேட்டேன்.

"நீ இன்னொரு தடவ கைய வச்சுறாத தாயி" என்றார் கணக்கப்பிள்ளை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கார்த்திகையில் கதவிடுக்கு வழியாக நாற்றம் வந்தது. செத்த எலி என்று நினைத்தேன். எலி இல்லை.

அந்த மழைக்குள்தான் கணக்கப்பிள்ளை குடை பிடித்துக்கொண்டு நெசவுத் தெருவில் வீடு வீடாகப் போனார். கம்பெனி எழுந்திருக்காது, பொட்டு விஷயத்தால் கேஸும் கெட்டுப்போச்சு, பங்குக் காகிதத்துக்கு வந்ததை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். கால் விலைக்குப் பத்திரத்தைக் கொடுத்தார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொடுத்தார்கள். என் பக்கத்து வீட்டு நெசவுக்காரம்மா என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள். தெலுங்கில் ஏதோ சொன்னாள். அர்த்தம் தெரியாது. திட்டு என்று தெரிந்தது.

மார்கழி முதல் வாரம் கம்பெனி வக்கீல் வாய்தா கேட்கவில்லை. ஒரே நாளில் விசாரணை முடிந்தது. பொட்டு, பொட்டுதான் என்று எழுதிக் கொடுத்தார்கள். தையில் மெட்ராஸ் தீர்ப்பு. அதிகாரிகள் செய்தது செல்லாது, கம்பெனி ஜெயித்தது. பருத்தி விலை ஏறிக் கிடந்தது. பங்கு விலையும் ஏறியது. வாங்கிய காகிதம் எல்லாம் முதலாளி வீட்டுப் பெட்டியில் இருந்தது. வெடி போட்டார்கள். அண்ணன் கிணற்றுக்கு வேண்டிய வெடி இல்லை, சரவெடி.

கணக்கப்பிள்ளை எனக்கு ஒரு சேலை கொண்டுவந்து கொடுத்தார். மாம்பழக் கலர்.

"எதுக்குய்யா?"

"மொதலாளி குடுக்கச் சொன்னாக. ஒம் பொட்டு இல்லேன்னா எங்களுக்கு அம்புட்டு நாளு கெடச்சிருக்குமா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அத்தனை வாய்தாவும் காகிதத்தை மலிவாக வாங்கி முடிக்கத்தான். கையில் வாங்கிவிட்டேன். வாங்கினதைக் கீழே போடத் தெரியவில்லை.

கதவைத் திறந்தார்கள். நடுவில் பலகை மேல் இருந்த கம்பெனி மூட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரோரம் அண்ணன் மூட்டைகள் கறுத்துக் கிடந்தன. தொட்டால் சூடு. சாக்கைக் கிழித்துக்கொண்டு கொட்டை முளைத்து வெளுத்த தண்டாக நின்றது. அடியில் புழு. வேலைக்குத் திரும்பியிருந்த நாற்பது பொம்பளைகளும் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள்.

"அந்தப் பதினொண்ணையும் வெளிய தூக்கிப் போடுங்க. அது எங்க சரக்கு இல்ல" என்றார் கணக்கப்பிள்ளை. ஜீப்பு வந்த அன்றைக்குச் சொல்லாத வார்த்தை.

அண்ணன் வண்டி கொண்டுவந்திருந்தார், பருத்தி ஏற்ற. முளையை ஒன்று பிடுங்கிப் பார்த்தார்.

"எங் காட்டுல லேசுல மொளைக்காதது இங்கன மொளச்சிருக்கு பாரு" என்றார்.

"நாந்தாண்ணே கெடுத்தேன்."

"தூக்கு, தூக்கு. குப்பைக்காச்சும் ஆகும்."

இரண்டு பேரும் ஏற்றினோம். பாதி கையிலேயே பிய்ந்து வழிந்தது. முழங்கை வரை கறுப்பு. மடியில் இருந்த மாம்பழக் கலர் சேலையை உருவிக் கையைத் துடைத்தேன். அண்ணனுக்கும் கொடுத்தேன். அவரும் துடைத்தார். அதைக் குடோன் கொண்டியில் சொருகிவிட்டு வண்டியில் ஏறினேன். பின்னால் கணக்கப்பிள்ளை கூப்பிட்டார். திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி வாசலை மிதிக்கவில்லை.

கிணறு முப்பது அடியிலேயே நின்றுபோனது. எழுபதுகளில் அந்தப் பக்கம் மோட்டார் சத்தம் கேட்க ஆரம்பித்தது, அடுத்தவர்கள் காட்டில். அண்ணன் கிணற்றில் மழை பெய்தால் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். ஆடு இறங்கிக் குடிக்கும்.